இடது தோள்

தேர்வன்று ஜோடியை மாற்றி ஆடவிடுவார்கள் என்று யார் கண்டது? எல்லாரும் பம்பரம் என்று கூப்பிடும் அவளும், ஒல்லி என்று கூப்பிடும் அவனும் நான்கு வருடமாக ஒரே ஜோடியாகச் சல்சா நடனம் பழகியவர்கள். தொழில்முறைக் குழுவில் இருந்ததோ இரண்டே இடம். ஆண் ஒருவர், பெண் ஒருவர். அதற்காகப் பம்பரம் பார்த்த வேலையையே விட்டிருந்தாள். தேர்வு நடத்தும் மாஸ்டர் வந்தார், "ஜோடிய மாத்திக்குங்க" என்றார், அவ்வளவுதான்.

சல்சாவில் ஆண் கையைத் தூக்கினால்தான் பெண் அதனடியில் சுற்ற வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் ஒல்லிக்கு இடது தோள் பிடித்துக்கொண்டது. "வெளிய தெரிஞ்சா தேர்வுல என்னைக் கழட்டி விட்டுருவாங்க" என்று கெஞ்சினான். அன்றிலிருந்து அவன் கையை அவளே தூக்கி, அவளே சுற்றிக்கொண்டாள். பார்ப்பவர்களுக்கு அவன் சுற்றிவிடுவது போலத்தான் இருக்கும். வலி ஸ்ப்ரே வாங்கிக் கொடுத்ததும் இந்த மகராசிதான்.

அந்தப் பாழாய்ப்போன பழக்கம் புது ஆளிடம் மட்டும் சும்மா இருக்குமா? அவன் நினைப்பதற்குள் அவன் கையைத் தூக்கித் தானே சுற்றிக்கொண்டாள். அவன் முழங்கை அவள் காதில் இடித்தது. மூன்று முறை. மாஸ்டர் பாட்டை நிறுத்தினார்.

"ஏம்மா, அவர் தூக்குறதுக்குள்ள உனக்கென்ன அவசரம்?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. ஒல்லியைப் பார்த்தாள். அவன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"பழகிடுச்சு மாஸ்டர்."

"அடுத்த வருஷம் வந்து பாரு."

சரி என்று தலையாட்டிவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். அழுகை வரவில்லை.

அடுத்து ஒல்லி, வேறொரு பெண்ணோடு. அந்தப் பெண் சமர்த்தாக அவன் கைக்குக் காத்திருந்தாள். மாட்டிக்கொள்ளப் போகிறான் என்று பம்பரம் நினைத்தாள். பாவமாகவும் இல்லை, திருப்தியாகவும் இல்லை. ஒல்லி இடது கையைத் தூக்கினான். தலைக்கு மேலே, நேராக, முகம் சுளிக்காமல். பாட்டு முடியும்வரை தூக்கிக்கொண்டே இருந்தான்.

அவனை எடுத்துக்கொண்டார்கள்.

பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவனிடம் கேட்டாள்: "தோள் எப்போ சரியாச்சு?"

"மூணு மாசம் இருக்கும்."

"சொல்லவே இல்லியே. போன வாரம்கூட ஸ்ப்ரே வாங்கிக்கிட்டே."

"நீயா சுத்திக்கிட்டிருந்தே. நல்லாத்தானே போகுதுன்னு விட்டுட்டேன்."

அடப்பாவி! ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம். கோபம் வருகிறதா என்று அவளும் பார்த்தாள், மரத்துப்போயிருந்தது. பையில் அவனுக்காக நேற்று வாங்கிய ஸ்ப்ரே இருந்தது. எடுத்து, இடிபட்ட காதோரம் அடித்துக்கொண்டாள். ஜில்லென்றுகூடத் தெரியவில்லை.