கிளிநொச்சி இடாப்பில் ஒரு பெயர்

கல்வி அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ‘செல்வி வினோஜா சுதாகரனின் பாடசாலை வரவு தொடர்பாகக் கிடைத்த முறைப்பாடு’ என்று ஒரே ஒரு வரி. வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டாலே தபால்காரனோ என்று எட்டிப் பார்த்தேன்.

செய்தது நான்தான். யாழ்ப்பாண மாவட்டத்தில் மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி ஆளைக் கொல்லும். கிளிநொச்சியில் குறைவு. எந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாயோ அந்த மாவட்டக் கணக்கில்தான் பல்கலைக்கழகத்துக்கு எடுப்பார்கள். ஆகவே மகள் வினோஜாவின் பெயரைக் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதிந்தேன். பெயர் அங்கே, பிள்ளை அரியாலையில் எங்கள் வீட்டில். கிழமைக்கு ஒருநாள் பஸ் ஏறிப் போய் முகத்தைக் காட்டுவாள். மற்ற நாளெல்லாம் நல்லூரில் ரியூசன். கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த என் ஒன்றுவிட்ட தம்பி, அவள் ஒவ்வொரு நாளும் வந்ததாக வரவு இடாப்பில் போட்டுக்கொண்டான். நான் மட்டுமா செய்தேன்? கேட்டுப் பாருங்கள், எல்லாருக்கும் எங்கேயாவது ஒரு தம்பி இருப்பான்.

சோதினைப் பெறுபேறு வந்தது. அந்த மாவட்டத்தில் மருத்துவத்துக்குக் கடைசி ஆளாக என் மகள் உள்ளே போவாள் என்று எல்லாரும் கணக்குச் சொன்னார்கள். விண்ணப்பத்தை நிரப்பும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்மா, எனக்கு அடுத்தது பிரசாந்தி. கிளிநொச்சியிலை என்ரை வகுப்புத்தான். அவள் ஒவ்வொரு நாளும் ஏழு மைல் சைக்கிள் உழக்கி வந்து படிச்சவள்.”

“அதுக்கு? அவளுக்கும் உனக்கும் ஒரே சோதினைதானே? வாயை மூடிக்கொண்டு கையெழுத்தை வை.”

வைத்தாள். இரண்டு மாதத்தில் இந்தக் கடிதம்.

பெட்டிசம் போட்டது யார் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதிரவேலு, ஓய்வுபெற்ற கிளாக்கர். வாய்க்காலுக்குப் பெட்டிசம், தெருநாய்க்குப் பெட்டிசம், கோயில் லவுட்ஸ்பீக்கருக்குப் பெட்டிசம். எங்கள் ஊரில் பெட்டிசம் என்றாலே மொட்டைதான். பெயர் போட்டு எழுத எவனுக்குத் துணிச்சல்? அன்று பார்த்து மனிதர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“பிள்ளை எப்ப கம்பஸ் போறா?”

“உங்களுக்கேன் உந்த விடுப்புக் கதை? செய்யிறதையும் செய்துபோட்டு!”

அவர் திறந்த வாயை மூடவில்லை. நல்ல நடிப்பு என்று நினைத்தேன்.

விசாரணைக்கு முதல்நாள் பின்னேரம் வினோஜா கேட்டாள். “பிடிபட்டால் என்ன செய்வினம் அம்மா?”

“உன்னை இனி ஒரு கம்பஸுக்கும் எடுக்க மாட்டினம். மாமாவின்ரை வேலையும் போகும். ஒவ்வொரு நாளும் போனனான் எண்டு மட்டும் சொல்லு, பிள்ளை. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

உண்மையாகவே கும்பிட்டேன். அவள் என் கைகளைப் பிரித்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அந்த அறையில் மின்விசிறி சுழன்றது. எனக்கு மட்டும் முதுகு முழுக்க வியர்வை. அதிகாரி கோப்பைத் திறக்கவும் என்னால் பொறுக்க முடியவில்லை.

“சேர், உது பொறாமையிலை போட்ட மொட்டைப் பெட்டிசம். எங்கடை பக்கத்து வீட்டுக்காரர்…”

“மொட்டைப் பெட்டிசமெண்டால் நாங்கள் உங்களைக் கூப்பிட்டே இருக்க மாட்டம், அம்மா. இது பேர் போட்டுக் கையெழுத்து வைச்சது.”

தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். எந்தெந்த நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று திகதி திகதியாக எழுதியிருந்தது. அடியில் என் மகளின் கையெழுத்து. விண்ணப்பத்தில் நான் வைக்கச் சொன்ன அதே கையெழுத்து.

திரும்பிப் பார்த்தேன். வினோஜா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடிக்கவும் வேண்டும்போல இருந்தது.

“இதிலை எழுதியிருக்கிறது உண்மையோ அம்மா?”

இல்லை என்று சொல்ல எனக்கு வழி இருந்தது. பிள்ளைக்குச் சோதினைக்குப் படித்துப் படித்து மனம் குழம்பிவிட்டது என்று சொல்லலாம். இடாப்பும் தம்பியும் என் பக்கம். நம்பியும் இருப்பார்கள். என் மகளைப் பைத்தியக்காரி ஆக்கினால் அவள் டொக்டர் ஆவாள்.

“ஓம் சேர்,” என்றேன். “எல்லாம் உண்மை. செய்வித்தது நான்.”

மேசைக்குக் கீழே ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. குளிர்ந்துபோய், நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் எங்கள் வீட்டில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.