ஐந்து படிக்குக் கீழே ஒரு குளம்

லிஃப்ட்டுக்காரர் முப்பத்து நான்கு வருடம் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். ஒன்பது மாடி அலுவலகத்தில் காலை முதல் மாலை வரை மேலே போவார், கீழே வருவார். கூட்டிப் பார்த்தால் நிலாவுக்குப் போய்த் திரும்பி, அங்கே மறந்துவிட்ட குடையை எடுக்க இன்னொரு தடவை போய்வந்த தூரம் இருக்கும். அத்தனை தூரத்துக்கும் அவர் உடம்பில் வேலை செய்தது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அந்த விரல் இன்றைக்கும் இரும்பு மாதிரி இருக்கிறது. மற்ற உறுப்புகள் எல்லாம், பதினோரு நாள் மண்வெட்டி பிடித்ததில், ஒவ்வொன்றாக ராஜினாமா கொடுத்துவிட்டன. முதலில் இடுப்பு. அப்புறம் தோள்பட்டை இரண்டும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில்.

கொல்லையில் குளம் வெட்டினார். வாத்துக்காக என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார்.

வாத்துகள் மூன்று. மனைவியின் தம்பி அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகும்போது, "ஒரே வாரம் பாத்துக்கங்க மாமா" என்று கொண்டுவந்து விட்டவை. அந்த வாரம் இப்போது நாலாவது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் நடக்கும் கொழுத்த ஆண் வாத்துக்கு மேனேஜர் என்று பெயர். நான்காம் மாடி மேனேஜரைப் போலவே நெஞ்சைத் தள்ளிக்கொண்டு, எதிரே வருபவர் முகத்தைப் பார்க்காமல் நடக்கும். மற்ற இரண்டும் அது எங்கே திரும்பினாலும் காரணம் கேட்காமல் திரும்பும் என்பதால் அவற்றுக்குத் தனியாகப் பெயர் தேவைப்படவில்லை.

உண்மையில் குளம் மனைவிக்காக. மூன்று மாதம் முன்பு தீவன வாளியோடு கொல்லைப்படியில் இறங்கியவள் இரண்டாம் படியில் வழுக்கி விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து, வாரம் இருமுறை பிசியோ பெண் வந்து காலை நீட்டி மடக்கிவிட்டுப் போனாள். கடைசியாக வந்தபோது அவரைத் தனியே அழைத்துச் சொன்னாள்.

"முட்டி சரியாயிடுச்சு சார். பயம்தான் பாக்கி. அந்த அஞ்சு படிய ஒரு தடவை இறங்கிட்டாங்கன்னா அப்புறம் நான் வர வேண்டியதே இல்ல. இப்படியே வீட்டுக்குள்ளயே சுத்திட்டு இருந்தாங்கன்னா கால் இறுகிடும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

மனைவி கைத்தடியோடு வீடு முழுக்க நடப்பாள். கொல்லைக் கதவு வரைக்கும் வருவாள். ஐந்து படியையும் ஒரு பார்வை பார்ப்பாள். திரும்பிவிடுவாள். அவர் சுவரில் பைப் அடித்துக் கைப்பிடி வைத்துக் கொடுத்தார்.

"பைப்பு நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா இறங்கி வந்து என்னத்தைப் பாக்கப் போறேன்? சேறையும் உங்க மூஞ்சியையுமா? ரெண்டும் இங்கேருந்தே தெரியுது."

முதலாளி முதல் தபால்காரர் வரை ஊரையே ஒன்பது மாடி இறக்கிவிட்டவருக்குச் சொந்த மனைவியை மூன்றடி இறக்க வழி தெரியவில்லை. பார்க்க ஒன்றும் இல்லை என்றாள் அல்லவா, பார்க்க ஒன்று செய்துவிடுவோம் என்று மறுநாள் காலை மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

எட்டடி நீளம், ஐந்தடி அகலம், நடுவில் இரண்டடி ஆழம். அவர் சொல்லிக்கொண்ட கணக்கில், இன்னும் நாலு வெட்டு வெட்டியிருந்தால் பூமிக்கு அந்தப் பக்கம் யாராவது தலையை நீட்டி "யாருங்க அது?" என்று கேட்டிருப்பார்கள். ஓரத்தில் செடி வைக்க அரையடி ஆழத்தில் ஒரு படி செதுக்கினார். வாத்துகள் ஏறி இறங்க ஒரு பக்கம் சரிவு. அடியில் பழைய ஜமக்காளம், அதன்மேல் கெட்டிப் பிளாஸ்டிக் விரிப்பு, விளிம்பைச் சுற்றிக் கல். கல் சுமந்த அன்று ராத்திரி அவரால் சோற்றுக் கரண்டியைத் தூக்க முடியவில்லை.

பிறகு செடிக்காக நர்சரிக்காரரிடம் போனார். அவர் கதையைக் கேட்டுவிட்டு, இரக்கத்தோடு பார்த்தார்.

"வாத்துக்குக் குளம் வெட்டறது ஈஸி சார். வாத்துகிட்டேருந்து குளத்தைக் காப்பாத்தறதுதான் கஷ்டம்."

கூடையில் வைத்து இறக்கக் கோரை பத்துக் கட்டு, நாணல் நாலு, அல்லிக் கிழங்கு ஒன்று, ஈர விளிம்புக்குப் புதினா, தண்ணீர் மேல் மிதக்கும் கடுகளவு பச்சைப் பாசி ஒரு வாளி என்று எடுத்து வைத்தார்.

"இதெல்லாம் வாத்து தின்னாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது," என்றார்.

"தின்னுமா?"

"தின்னும்."

"எல்லாத்தையுமா?"

"வேர் பிடிக்கறவரைக்கும் கிட்ட விடாதீங்க. ஆறு வாரம். பிடிச்சிட்டா, அது தின்னத் தின்ன இது வளரும். பிடிக்கறதுக்குள்ள விட்டீங்கன்னா, சாயங்காலம் நீங்க சூப்பு வைக்கக்கூட ஒரு தண்டு மிஞ்சாது."

ஆக, வாத்துக்காக வெட்டிய குளத்துக்கு வாத்து வராமல் வேலி போட வேண்டியதாயிற்று. இரண்டு ஜன்னல் வலை, ஒரு மடக்கு மேஜை, உடைந்த கட்டிலின் தலைமாட்டுப் பலகை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி நிறுத்தினார். செடிகளை நட்டு, தண்ணீர் நிரப்பி, பாசியைத் தூவினார். வெயிலில் தண்ணீர் மினுங்கியது. கோரை காற்றில் ஆடியது. முதுகைப் பிடித்துக்கொண்டே ஜன்னலடிக்குப் போனார்.

"இப்ப இறங்கி வந்து பாரும்மா."

மனைவி கட்டிலில் சாய்ந்தபடி எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். முகம் மலர்ந்ததை அவரே பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. எதுக்கு இறங்கணும்? இங்கேருந்தே எல்லாம் தெரியுதே."

படுத்தால் தெரியட்டும், உட்கார்ந்தால் தெரியட்டும் என்று பார்த்துப் பார்த்து, ஜன்னலுக்கு நேர் எதிரே வெட்டியவர் அவர்தான்.

"நீங்க சுவத்துக்கு அந்தப் பக்கம் வெட்டியிருந்தா, ஒருவேளை வந்து எட்டிப் பாக்கலாம்னு தோணியிருக்கும்," என்றாள் உதவியாக.

குளத்தை நகர்த்த முடியுமா என்று அவர் ஒரு கணம் உண்மையாகவே யோசித்தார். அப்போதுதான் களைப்பு சதையிலிருந்து எலும்புக்குள் இறங்கியது.

அதன்பிறகு காவல். விடிந்தால் நாற்காலி, மடியில் துடைப்பம். மனைவி அதே அலுவலகத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். குரலை உயர்த்தாமலே ஒன்பது மாடிக்கும் கேட்கும்படி பேசுவாள். ஜன்னலிலிருந்து இணைப்பு வந்துகொண்டே இருந்தது.

"என்னங்க, இடது பக்கம் மூணாவது கோரை சாஞ்சிருக்கு."

"பாக்கறேன்."

"என்னங்க, மேனேஜர் பலகைகிட்ட நின்னு என்னமோ யோசிக்குது."

"அதுக்கு யோசிக்கத் தெரியாதும்மா. அதனாலதான் அந்தப் பேர்."

ஆனால் மேனேஜர் யோசித்துத்தான் இருந்திருக்கிறது. கட்டில் பலகையின் ஒரு முனையில் கயிறு தளர்ந்ததை அது மூன்று நாள் முன்பே பார்த்து வைத்திருந்தது. ஒன்பதாம் நாள் மத்தியானம், சாப்பிட்ட சோறு கண்ணை அழுத்த, லிஃப்ட்டுக்காரர் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனார். பலகை புல்லில் சாய்ந்த சத்தம்கூட அவருக்குக் கேட்கவில்லை.

"என்னங்க."

கேட்டது. கனவில் யாரோ ஏழாம் மாடியில் பொத்தானை அழுத்துவது போல இருந்தது.

"என்னங்க. வாத்து."

கண் இமை மயிரிழை விலகியது. மூன்றும் தண்ணீரில் இருந்தன. பாசி பாதி போய்விட்டது. எழுந்திருக்க வேண்டும் என்று உடம்பைக் கேட்டார். உடம்பு, நான்தான் ராஜினாமா கொடுத்துவிட்டேனே என்றது.

"என்னங்க."

மூன்று முறை. மூன்று அழைப்புக்கும் எடுக்காவிட்டால் மேலதிகாரிக்கு இணைப்பை மாற்றுவது எக்ஸ்சேஞ்ச் பழக்கம். இந்த வீட்டில் மேலதிகாரி அவளேதான். ஜன்னல் அமைதியாயிற்று. பிறகு கைத்தடி தரையில் ஊன்றுகிற ஓசை, கூடம் தாண்டி, கொல்லைக் கதவை நோக்கி வந்தது. தாழ்ப்பாள் விலகியது.

திறக்கப்போன கண்ணை அவர் அப்படியே மூடிக்கொண்டார்.

வருடக்கணக்காக ஆட்களுக்கு முதுகைக் காட்டி, பொத்தான்களைப் பார்த்து உட்கார்ந்தவர். காலடி ஓசையை வைத்தே யார், எந்த மாடி என்று சொல்லுவார். வாசலில் அவள் நின்றது கேட்டது. நிற்கிறாள். இன்னும் நிற்கிறாள். இந்தப் பக்கம் கோரை ஒன்று வேரோடு பிடுங்கப்படும் 'சளக்' கேட்டது. ஒவ்வொரு கோரையையும் குனிந்து, முழங்கால் மடித்து, கல் வைத்து நட்டவர். துடைப்பத்தைப் பிடித்த கை தானாக இறுகியது. எழுந்து ஒரு அதட்டல் போட்டால் செடி தப்பிக்கும். அவளும் "எழுந்துட்டீங்களா, சரி" என்று உள்ளே போய்விடுவாள்.

அவர் எழுந்திருக்கவில்லை.

பைப்பில் கை உரசியது. தடி. நல்ல கால். அப்புறம் மற்றது. ஒரு படி. நாணல் முறிந்தது. விழுந்த படி அடுத்தது. அங்கே மூச்சு நின்றது, அவருடையதும்தான். தடி மறுபடி ஊன்றியது. இரண்டு. புதினா வாசனை வந்தது, மேனேஜர் மிதித்திருக்க வேண்டும். மூன்றாம் படியில் நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பார்த்துவிடலாம் என்ற ஆசையை அடக்க, அவர் வாழ்க்கையில் தூக்கிய அத்தனை கல்லையும் மறுபடி தூக்குவது போலப் பாடுபட்டார். நான்கு. ஐந்து. புல்.

காலடி அவரைத் தாண்டிப் போயிற்று. தண்ணீரில் தடி அடிக்கும் சத்தம்.

"வெளிய வா, தடியா. உன்னைத்தான். வா."

மேனேஜர், அலகில் அல்லி இலை தொங்க, கையெழுத்துப் போட்ட கோப்பை எடுத்துக்கொண்டு போவது போல நிதானமாகக் கரையேறியது. மற்ற இரண்டும் பின்னால்.

அப்புறம் நாற்காலி அருகே அவள் குரல். "போதும், கண்ணைத் திறங்க."

திறக்கவில்லை.

"நீங்க தூங்கினா நாலு வீட்டுக்குக் குறட்டை கேக்கும். இன்னிக்குப் பூனை மாதிரி தூங்கறாராம்."

ஒரு கண்ணைத் திறந்தார். "எப்ப தெரிஞ்சுது?"

"மூணாவது படியில."

"அப்பவே திரும்பிப் போயிருக்கலாமே."

"போயிருக்கலாம். மேல ஏறினாலும் அதே தூரம், கீழ இறங்கினாலும் அதே தூரம். கீழன்னா ஒரு நாற்காலி இருந்துது. நகருங்க."

எழுந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அவர் குளத்தைப் பார்த்தார். தண்ணீர் சேறாகிக் கிடந்தது. கூடைகள் கவிழ்ந்து கிடந்தன.

"ஒரு கோரை நிக்குது," என்றாள்.

"அதுவும் சாஞ்சுதான் நிக்குது."

"மறுபடியும் நடுங்க. காவலுக்கு நான் உக்காந்துக்கறேன். நீங்க காவல் காத்த லட்சணம் தெரிஞ்சுபோச்சு."

"நாளைக்கும் இறங்கி வருவியா?"

"ஆறு வாரம்னு நர்சரிக்காரர் சொன்னாரில்ல?" என்றாள், அவரைப் பார்க்காமல்.

மறுபடியும் பத்துக் கோரை. மறுபடியும் கல். அதை நினைத்ததுமே இடுப்பு ஒரு முனகல் முனகியது. கடைசிப் படியில் போய் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. வாத்துகள் புல்லில் நின்று சிறகைக் கோதிக்கொண்டு, அடுத்த கூட்டம் எப்போது என்பது போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தன.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள். "சரி, இப்ப மேல எப்படிப் போறது?"

லிஃப்ட்டுக்காரர் கண்ணைத் திறக்காமல், உடம்பில் மிச்சமிருந்த ஒரே நல்ல உறுப்பை நீட்டிச் சுவரை ஒரு அழுத்து அழுத்தினார்.

"லிஃப்ட் ரிப்பேர்மா. கொஞ்சம் உக்காந்திரு."