தொண்ணூற்றிரண்டுக்கு இரண்டு

நான்கு தாள்கள் தரையில் கிடக்கின்றன, ஓட்டுச்சாவடித் திரைக்கு அடியில் ஒரு முழ வெளிச்சம் உள்ளே வந்து அவற்றின் மேல் விழுகிறது, நான்கும் ஒரே அளவு, ஒரே வெள்ளை, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது, அமலோர் முட்டி வலிக்கக் குனிந்து நிற்கிறார், எது யாருடைய பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை. அறுபத்தாறு வயதாகிறது, பிறந்த நாள் முதல் பிரெஞ்சுக் குடிமகன், அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், ஊர் வாயில் சொல்தா, சட்டைப் பையில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டு, ஆனால் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு ஐஸ் கம்பெனிக்குப் போனவருக்குத் தமிழைத் தவிர எதையும் கூட்டி வாசிக்கத் தெரியாது, இந்த விஷயம் காரைக்காலில் ஒருவருக்கும் தெரியாது, சொல்தா மகனுக்குப் பிரெஞ்சு தெரியாமலா இருக்கும் என்று ஊரே நினைத்துக்கொண்டது, அவரும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார். அப்பா வாயிலிருந்து பொறுக்கிய பத்துப் பன்னிரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டே ஓர் ஆயுளை ஓட்டிவிடலாம், வணக்கத்துக்குப் போன்ழூர், நன்றிக்கு மெர்சி, சரியான இடத்தில் ஒரு தலையாட்டல், போதும், இன்று வரை போதுமாகத்தான் இருந்தது.

இதுவரை தெசிரே அண்ணன் கூட வந்தார், அதுதான் சங்கதி. பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த மனிதர், எதிலும் தான்தான் முன்னால் நிற்க வேண்டும், மேசையில் அடுக்கியிருக்கும் பெயர்த் தாள்களைத் தனக்கும் எடுத்து அமலோருக்கும் எடுத்து, நம்ம ஆளுதான் மேல இருக்கான் என்று காதோடு சொல்லிக் கையில் திணிப்பார், அமலோர் திரைக்குள்ளே போய் மேலே இருந்த தாளை நீல உறையில் போட்டு மற்றதைக் கசக்கி எறிந்துவிட்டு வருவார், முப்பது வருஷமாக இப்படித்தான் அவர் பிரான்சுக்கு ஜனாதிபதிகளைத் தேர்ந்தெடுத்தார். முதல் சுற்றுக்குக்கூட அண்ணன் வந்தார், வேட்டியில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்தார், நான்கு நாள் கழித்துக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது, இரண்டு பேர் மட்டும் மிஞ்சி நிற்கும் இரண்டாம் சுற்றுக்குப் படுக்கையை விட்டு எழ முடியாது என்று ஆகிவிட்டது. அண்ணன் அழுததை அமலோர் அன்றுதான் பார்த்தார். வலிக்குதாண்ணே, வலி கெடக்குதுடா, இத்தனை எலக்சன்ல ஒண்ணைக்கூட நான் விட்டதில்லையே, எதுத்து நிக்கிறானே, அவன் என்னா பேசுனான்னு கேட்டியா, பிரான்சு மண்ணை மிதிக்காதவனுக்கெல்லாம் எதுக்கு ஓட்டு, புடுங்குங்கடான்னு மேடையில நின்னு சொல்றான், அவன் யாரைச் சொல்றான், ஒன்னையத்தான் சொல்றான். ஆமாம், அமலோரைத்தான் சொன்னான், விமானத்தைக்கூடத் தூரத்தில்தான் பார்த்திருக்கிறார். அப்புறம் அதிகாரி ஒருவர் வீட்டுக்கே வந்து புரொகுராசியோன் எழுதிக்கொண்டு போனார், எனக்குப் பதிலாக இன்னார் ஓட்டுப் போடுவார் என்கிற தாள், அந்த இன்னார் யாருங்க என்று அவர் கேட்டபோது அண்ணன் கட்டிலிலிருந்து கையை நீட்டி, என் கூடப் பொறக்காத தம்பிங்க, எனக்கு எழுத்து எப்படியோ அப்படி இவனுக்கும் என்றார். அமலோர் மெர்சி என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், எனக்கு வாசிக்கத் தெரியாது, அண்ணனோட சிநேகிதர் ஹபீபு மரைக்காயருக்கு எழுதிக் கொடுங்க என்று ஒரே ஒரு வரி, நாக்கு எழவில்லை.

நாக்கு அவருக்கு எப்போதும் எழுந்ததில்லை. நாற்பது வயதில் யாருக்கும் சொல்லாமல் புதுச்சேரிக்கு பஸ் ஏறி ஒரு பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தார், சுற்றிலும் கல்லூரிப் பெண்கள், மூன்றாம் நாள் டீச்சர் அவரை எழுப்பிக் கரும்பலகையில் இருப்பதை வாசிக்கச் சொன்னாள், எழுந்து நிற்கிறார், வியர்க்கிறது, கண்ணாடியை மறந்துட்டேம்மா என்கிறார், கண்ணாடி மூக்கின் மேலேயே இருக்கிறது, யாரோ சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பு இந்தத் திரைக்குள் இப்போதும் கேட்கிறது. வெளியே கூட்டம் இருந்தாலாவது ஏதாவது ஒரு சாக்குக் கிடைக்கும், முன்னால் போகிற ஆளைப் பார்த்துச் செய்யலாம், இங்கே ஈ காக்காய் இல்லை, முந்நூற்றுப் பத்துப் பேர் பட்டியலில் இருக்கிறார்கள், வெயிலுக்கு பயந்தவர்களும் நம்ம ஒரு ஓட்டுல என்னா ஆயிடப் போவுது என்கிறவர்களும் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், அறையில் இரண்டு அதிகாரிகளும் கண்ணாடிப் பெட்டியும் அமலோரும்தான். வாசலில் ஒட்டிய படங்களைப் பார்த்து நம்ம ஆள் முதலாவது, அதனால் முதல் அடுக்கு என்று கணக்குப் போட்டுச் சரியாகத்தான் எடுத்தார், இரண்டு உறைக்கும் சேர்த்து நான்கு தாள், நம்ம ஆள் மேலே, திரையை விலக்கும்போது முழங்கை இடித்துக் கை நழுவியது. அவ்வளவுதான். எழுத்து ஒரே மாதிரி இருந்தவற்றை இரண்டு இரண்டாகச் சேர்க்க முடிந்தது, எந்த இரண்டு என்பதுதான் தெரியவில்லை. வெளியே போய்த் தம்பி, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு என்றால் அந்த அதிகாரி சிரித்திருக்கவும் மாட்டார், அரை நிமிஷ வேலை, அந்த அரை நிமிஷத்துக்கு அஞ்சி அமலோர் ஒரு ஜோடியை எடுத்து உறைக்கு ஒன்றாகப் போட்டார், இதுவாகத்தான் இருக்கும் என்று போட்டார், உறைக்கு ஒரு பெயராக மாற்றிப் போட்டிருந்தால் ஒன்றை ஒன்று அடித்துக் கணக்காவது நேராகியிருக்கும், அந்த யோசனைகூடத் திரும்பிப் போகிற பாதி வழியில்தான் வந்தது. உறைகள் பெட்டிக்குள் விழுந்தன, ஆ வோத்தே, ஓட்டுப் போட்டாயிற்று என்று இரண்டு முறை உரக்கச் சொன்னார்கள், அப்பாவிடம் படம் மாதிரி வரையக் கற்ற கையெழுத்தை இரண்டு பெயருக்கு எதிரேயும் வரைந்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தார். போட்டியா, போட்டேண்ணே. ரெண்டும் நம்ம ஆளுக்குத்தானே, ஆமாண்ணே. அண்ணன் கண்ணை மூடி நிம்மதியாகச் சிரித்தார்.

மறுநாள் காலையில் அண்ணனின் போன் அடித்தபோது அமலோர் அவருக்கு இட்லி பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார், மார்த்தா அண்ணி உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தாள், பேசியது ஹபீபு மரைக்காயர், நம்ம ஆள் அங்கே பிரான்சில் ஜெயித்துவிட்டான், இங்கே எண்ணினது தொண்ணூற்றேழு, மூன்று வெறும் உறை, நம்ம ஆளுக்குத் தொண்ணூற்றிரண்டு, அந்தப் பயலுக்கு இரண்டு, நேர்ல வர்றேன் என்று வைத்துவிட்டார். அண்ணனின் முகம் சிவந்தது. ரெண்டா, நம்ம ஊருல அவனுக்கு ரெண்டா, வராதவனைக்கூட மன்னிச்சிருவேண்டா, வந்து நின்னு நம்ம கழுத்துக்கே கத்தி வச்ச ரெண்டு பேரு எவன்டா. இட்லி அமலோரின் விரலில் நசுங்கிப் போனது. நான்தாண்ணே, என்றார். ரெண்டும் நான்தான், ஒண்ணு என்னுது, ஒண்ணு ஒங்களுது, தாளு கீழே விழுந்துருச்சு, எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாதுண்ணே, எப்பவுமே தெரியாது. சொல்லி முடித்தபோது உடம்பெல்லாம் கூசியது, சட்டையில்லாமல் கடைத்தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது. அண்ணன் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார், முப்பது வருஷமா ஒனக்கு நான் பேப்பரைக் காட்டிக் காட்டிப் பேசுறேன், நீ தலையாட்டுறே. ஆமாண்ணே. அந்தத் தம்பிக்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பானேடா. வெக்கமா இருந்துச்சுண்ணே.

ஹபீபு மரைக்காயர் உள்ளே வரும்போதே கத்திக்கொண்டுதான் வந்தார், எனக்குத் தெரியும்ப்பா, பத்திநாதன் ஊட்டு ஆளுவதான், புருசனும் பொஞ்சாதியும் ஒண்ணாத்தான் வந்து போட்டுட்டுப் போனாங்க, வர்ற வெள்ளிக்கிழமை அவ்வொ மவளுக்கு நிச்சயதார்த்தம், நம்ம ஆளுங்க ஒருத்தரும் படியேறக் கூடாது, எல்லாருக்கும் இப்பவே போன் போட்டுச் சொல்லப் போறேன். போனை எடுத்தே விட்டார். அமலோர் பார்க்கிறார், அந்தப் பெண்ணை அவருக்குத் தெரியும், மருந்துக் கடையில் இருக்கிற ஒல்லிப் பெண், அவருடைய மாத்திரைச் சீட்டைக்கூட எடுத்துப் படித்துச் சொல்கிற பெண், இப்போது சொல்ல வேண்டும், இப்போதே, வாய்க்குள் வார்த்தை இருக்கிறது. அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. போனைக் கீழே வை ஹபீபு, அதுல ஒண்ணு என்னுது. ஹபீபு திரும்பினார், என்னாது. என்னுதுன்னேன், தம்பிக்கிட்ட நான்தான் அப்படிப் போடச் சொன்னேன், மனசு மாறிப்போச்சு, வயசாயிருச்சுல்ல. இன்னொண்ணு யாருது. அது எனக்கு எப்படித் தெரியும், எவன் போட்டானோ, பத்திநாதன் இல்லை, நான் சத்தியம் பண்ணுறேன், போதுமா. மரைக்காயர் அண்ணனைப் பார்த்த பார்வையை அமலோரால் பார்க்க முடியவில்லை, பட்டாளத்துல இருந்தவன்னு ஒன்னைப் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே தெசிரே, என்று மட்டும் சொன்னார், மார்த்தா அண்ணி நீட்டிய காப்பியை வேண்டாம் என்று கையால் மறித்துவிட்டு எழுந்தார். அண்ணன் அமலோர் பக்கம் திரும்பவே இல்லை, மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சொல்வதற்கு நேரம் இருந்தது, மரைக்காயர் கைப்பிடியைப் பற்றிப் படி இறங்கும் நேரம், குனிந்து செருப்பைத் தேடும் நேரம், ஒரு செருப்பு தள்ளிக் கிடந்ததைக் காலால் இழுத்து மாட்டும் நேரம், தெருக்கதவைத் திறந்து திரும்பச் சாத்தும் நேரம், அவ்வளவு நேரமும் இருந்தது, அமலோர் வாயைத் திறக்கவில்லை.