போன வருடத்துத் திட்டம்

பெரியம்மாவின் வீட்டுப் பின்னறையில் நாற்பத்தொரு மூட்டை செத்த பேட்டரிகள் பத்து மாதமாகக் கிடந்தன. டார்ச் லைட்டில் போடுபவை, ரிமோட்டில் போடும் சின்னவை, பொம்மைகளின் வயிற்றிலிருந்து பிடுங்கியவை. மூலையில் ஸ்கூட்டர்களிலிருந்து கழற்றிய, ஈயத் தகடு அடைத்த கறுப்புப் பெட்டிகள் வேறு. சுற்றுச்சூழலைக் காக்கப் புறப்பட்ட சேவைச் சங்கம் ஊர் விஷத்தையெல்லாம் பொறுக்கியெடுத்து ஒரே ஒரு வீட்டின் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தது. அந்த வீட்டில் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை ஒன்பது குழந்தைகள் இருந்தார்கள்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. வேலைக்குப் போகும் பெற்றோர் கொண்டுவந்து விட்டுப் போவார்கள். பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுப் பெற்றவர்களும் பெரியம்மா என்றே கூப்பிட்டார்கள். பதினான்கு வருடத்தில் ஒரு பிள்ளையின் முழங்காலில் சிராய்ப்பு என்றாலும் தாய் வந்து கேட்பதற்கு முன்னால் இவளே சொல்லிவிடுவாள். அந்தப் பழக்கத்தால்தான் அந்தத் தெருவில் அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது.

மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கியவன் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தம்பி. டைல்ஸ் கடை வைத்திருப்பவன். போன வருடம் சங்கத்தின் தலைவர். பேட்டரி சேகரிப்பு அவனுடைய திட்டம். பள்ளிக்கூடங்களில் பெட்டி வைத்தார்கள், ஊர்வலம் போனார்கள், மலைபோல் குவித்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

"ஒரே ஒரு வாரம்தான்க்கா. கம்பெனிக்காரன் லாரி அனுப்பிடுவான்" என்றான் தம்பி.

எந்தக் கம்பெனி என்று அவளும் கேட்கவில்லை. அவனுக்கும் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் சேகரித்து முடித்த பின்புதான் எங்கே கொடுப்பது என்று விசாரித்திருக்கிறார்கள் அந்த மகா புத்திசாலிகள். ரகம் ரகமாகப் பிரித்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு கம்பெனி சொன்னதாம். பிரிக்க யார் உட்காருவது? படம் எடுக்க வந்த அறுபது பேரில் ஒருவர்கூட அதற்கு வரவில்லை.

அதற்குள் சங்கத்தின் வருடம் முடிந்துவிட்டது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. தலைவர் பதவி ஒரே வருடம். கடைசி நாளன்று பழையவர் தன் கழுத்துப் பதக்கத்தைக் கழற்றிப் புதியவருக்குப் போடுவார். பதக்கம் கைமாறும், திட்டம் கைமாறாது. பழையவருடைய திட்டத்தைப் புதியவர் தொட்டு முடித்துவைத்தால் பேர் பழையவருக்கல்லவா போய்விடும். அந்தத் தப்பை மட்டும் அந்தச் சங்கத்தில் யாரும் செய்ததில்லை.

"நான் இப்ப முன்னாள் தலைவர்க்கா. எனக்கு அதுல அதிகாரம் இல்ல" என்று தம்பி போனிலேயே கையைக் கழுவினான்.

புதுத் தலைவர் பல் டாக்டர். அவருடைய கிளினிக்கில் முக்கால் மணி நேரம் காத்திருந்து அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"அது போன வருஷத்துத் திட்டம்மா. இந்த வருஷம் எங்களுக்குத் தண்ணீர்" என்றார்.

மழைக்காலம் வந்தது. பின்னறையின் ஓட்டுக்கூரை ஒழுகியது. மூட்டைகளுக்கும் கறுப்புப் பெட்டிகளுக்கும் அடியிலிருந்து துருநிறத்தில் ஒரு கசிவு கிளம்பி, வாசல்படி தாண்டி, கிணற்றடிக் காரையின் வெடிப்புக்குள் இறங்கியது. பெரியம்மா சாக்கைப் போட்டு அடைத்தாள், கழுவிவிட்டாள், மறுபடி போன் செய்தாள். அவள் பேசியதெல்லாம் கிணற்றில் போட்ட கல். வேறு வழி தெரியாமல், பிள்ளைகளுக்கான தண்ணீரை வழக்கத்தைவிட இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகக் கொதிக்கவைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் இந்த வருடத்துத் திட்டம் அவள் கதவைத் தட்டியது. வீடுவீடாகக் கிணற்று நீர் எடுத்துச் சோதித்துக் கொடுப்பார்களாம். சீசாவில் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று வாரம் கழித்து, ஒரு நாள் நாலு மணி வாக்கில், பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் செருப்புச் சத்தத்தோடு வந்து நின்றார்கள். பல் டாக்டர் கழுத்தில் பதக்கம். பக்கத்தில் தம்பி. முன்னாள் தலைவர்களும் படத்தில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். போட்டோக்காரர் ஒருவர். பெயிண்ட் டப்பாவோடு, போர்டு எழுதுகிற பெரியவர் ஒருவர்.

கூடவே ஒரு சிவப்புத் தகரப் பலகை. உச்சியில் சங்கத்தின் சின்னம். அதன் கீழே 'இந்த நீர் குடிப்பதற்கு உகந்ததல்ல' என்று அச்சாகியிருந்தது. அதற்கும் கீழே 'தேதி', 'காரணம்' என்று இரண்டு வெற்றிடங்கள்.

"பயப்படாதீங்கம்மா" என்றார் டாக்டர். "ஈயம் ரொம்ப அதிகமா இருக்கு. தெருவுலயே உங்க கிணத்துல மட்டும்தான். நல்லவேளை, எங்க திட்டம் கண்டுபிடிச்சிருச்சு."

"காய்ச்சித்தானே குடுத்தேன்" என்றாள் பெரியம்மா.

"காய்ச்சினா ஈயம் போகாது. புள்ளைங்களுக்கு ரத்தப் பரிசோதனை செஞ்சுட்டா நல்லது."

உள்ளே பாயில் ஒன்பது தலைகள் வரிசையாகக் கிடந்தன. கடைசியில் படுத்திருந்த பெண் குழந்தைக்கு இன்னும் இரண்டு வயதாகவில்லை. அது 'பெரியம்மா, தண்ணி' என்று கை நீட்டும்போதெல்லாம் இவள்தான் தம்ளரைப் பிடித்து அதன் வாயில் வைத்தாள். ஒரு நாளைக்கு எத்தனை தம்ளர்.

பலகையைக் கிணற்றுச் சுவரில் அறைந்துவிட்டு, பெரியவர் தூரிகையால் தேதியை எழுதினார். "காரணம் என்னன்னு எழுதணும் சார்?"

"அதை அப்படியே விடுங்க. ஆராய்ச்சி பண்ணித்தான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

பெரியம்மா பின்னறைக் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து வந்த நெடியில் முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"ஆராய்ச்சி பண்ணுங்க" என்றாள். "வாங்க. நாற்பத்தொரு மூட்டை இருக்கு. ஒவ்வொண்ணுலயும் உங்க சின்னம் அச்சடிச்சிருக்கு, பாருங்க."

போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"அம்மா, அது போன வருஷத்து..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"விஷத்துக்குத் தெரியுமா இது போன வருஷம், இது இந்த வருஷம்னு? உங்க பதக்கத்தை மாத்திக்கிட்டா அது கசியாம நின்னுடுமா? உங்க கிளினிக் வாசல்ல வந்து நின்னு கேட்டேன். வாயிலயே பல்லுப் பல்லா எண்ணத் தெரிஞ்ச உங்களுக்கு என் வீட்ல ஒன்பது புள்ளைங்க இருக்குன்னு சொன்னது காதுல விழல."

தம்பி அவள் கையைப் பிடித்தான். "அக்கா, மெதுவா. நாளைக்கே எடுத்துடறேன். எல்லார் முன்னாடியும் என் பேரைக் கெடுக்காதக்கா."

அந்தத் தொடுகையில்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்து மாதமாக வராத அந்த 'நாளைக்கு' இப்போது எங்கிருந்து வந்தது? இவனைத் தோளில் தூக்கி வளர்த்தவள் அவள். அந்தப் பாசத்தில்தான் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அறையைத் திறந்துவிட்டாள். அவன்மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு கோபம் தன்மேலும் வந்தது. கையை உதறினாள்.

"எழுதுங்க" என்றாள் பெரியவரிடம்.

பெரியவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பதக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் தூரிகையை நனைத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார்: 'சங்கம் சேகரித்த பேட்டரிகள். இன்னும் பின்னறையில் உள்ளன.'

"அப்ப எங்க சின்னத்தை மட்டும் அழிச்சுடுங்க" என்றார் டாக்டர் தணிந்த குரலில்.

"அதுல கை வச்சா பாருங்க" என்றாள் அவள். "அது இருக்கட்டும். அதுக்குத்தானே இவ்வளவும்." பிறகு பெரியவரிடம் திரும்பினாள். "இன்னும் ஒரு வரி இருக்கு. இடம் கொடுத்தது, பெரியம்மா."

தூரிகை நின்றது. "உங்க பேரு எதுக்கும்மா? நாளைக்கு யாரும் புள்ளைய அனுப்ப மாட்டாங்களே."

"அனுப்பக் கூடாது. இத்தனை பேர் சேர்ந்து செஞ்சதுல ஒருத்தராவது ஒத்துக்கணும்ல. எழுதுங்க."

அவர் எழுதினார். கூட்டம் ஒவ்வொருவராகக் கரைந்தது. எல்லாருக்கும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்ப ஒரு வேலை இருந்தது. தம்பி கடைசியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு பின்வாசல் பக்கம் நகர்ந்தான்.

"எங்க போற?" என்றாள். "அஞ்சாகப் போகுது. பெத்தவங்க வருவாங்க. ஒன்பது வீட்டுக்கும் சொல்லணும். நான் சொல்றேன். நீ என் பக்கத்துல நில்லு."

"அக்கா..."

"நில்லுடா."

அவன் நின்றான். உள்ளே குழந்தைகள் ஒவ்வொன்றாக எழுந்து சிணுங்கத் தொடங்கின. பாயின் கடைசியிலிருந்த சின்னது தட்டுத்தடுமாறி வெளியே வந்து, அவள் புடவையைப் பிடித்து இழுத்து, தண்ணி என்று கையை நீட்டியது. கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அந்தக் குழந்தையின் தாய்தான் முதலில் வந்திருந்தாள்.