இரண்டாம் சரணம்

அட்டைப்பட வாசகம் நாலு மணிக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். மணி ஒன்றரை. அச்சகத்துக்காரர் காலையிலிருந்து நாலு தடவை போன் செய்துவிட்டார்.

நாற்பது வருஷமாகப் பாட்டுகளை வெளியிட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கம்பெனியில், எந்தப் பாட்டு எப்போது வெளிவந்தது, எதற்கு எத்தனையாவது ஆண்டு நிறைவு என்று கணக்கு வைத்திருப்பவள் அவள்தான். அலுவலகத்தில் அவளுக்குப் பேரே ‘தேதி மேடம்’. இந்த மாதம் கம்பெனிக்கு நாற்பது. அதன் தலையெழுத்தை மாற்றிய ஆல்பத்துக்கு முப்பது. இரண்டையும் சேர்த்து விழா, விழாவில் அந்த ஆல்பத்தின் புதுப் பதிப்பு; அதன் அட்டைக்குத்தான் வாசகம்.

“கொஞ்சம் உள்ள வர்றியா?” என்று ஒலிப்பதிவு அறையிலிருந்து கணவன் கூப்பிட்டான். பழைய நாடாக்களைத் தூசி தட்டிப் புதுசாக்கும் வேலை அவனுடையது.

“ஏங்க, எனக்கு நிக்க நேரமில்ல.”

“நிக்க வேண்டாம். உக்காரு.”

அவன் முகம் சரியாக இல்லை. அவள் உட்கார்ந்தாள். ஆல்பத்தின் முதல் பாட்டு. வாத்தியங்களை எல்லாம் அணைத்துவிட்டுப் பெண் குரலை மட்டும் ஓடவிட்டான். பல்லவி, முதல் சரணம், நாடறிந்த பாடகியின் குரல். இரண்டாம் சரணம் தொடங்குமுன் மூக்கால் இழுத்த ஒரு சின்ன மூச்சு கேட்டது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தினமும் காலையில் ‘தோசை ஆறுது, வாங்க’ என்று கூப்பிடுமுன் வீட்டில் கேட்கிற மூச்சு அது.

“அத்தை!”

அவன் நாடாப் பெட்டியின் சீட்டைக் காட்டினான். ‘இரண்டாம் சரணம் டிராக். மாற்றணும்.’

மாமியார் ஒரு காலத்தில் டிராக் பாடியவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெரிய பாடகி வருமுன் மெட்டுக்காக ஒருத்தர் பாடி வைப்பார். அதை அழித்துவிட்டு அதே இடத்தில் பாடகி பாடுவார். அழிப்பதற்கென்றே பாடுவது. இந்த ஒரு சரணத்தை மட்டும் யாரோ அழிக்க மறந்திருக்கிறார்கள். ஊரே உருகியது அந்தச் சரணத்துக்குத்தான்.

“பேரைப் போடணுங்க. இன்னிக்கே.”

“முதல்ல அம்மாகிட்ட கேளு.”

“உங்கம்மா. நீங்க கேளுங்க.”

“என்னால ஆகாது. நீயே கேளு.”

மாமியார் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். போனை எடுத்தபோது பின்னால் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

“தெரியும்மா” என்றார் மாமியார். “கேசட் வந்த அன்னிக்கே தெரியும். பாட வந்த பொண்ணுக்கு ரெக்கார்டிங் அன்னிக்குக் காய்ச்சல், பாதியில போயிட்டா. அப்புறம் வந்து பாடுவான்னாங்க.”

“ஏன் அத்தை யார்கிட்டயும் சொல்லல? மாமாகிட்ட கூடவா?”

“சொன்னா நம்பணும்ல? ‘உனக்கு ஆசை, அதான் அப்படித் தோணுது’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டார்னா, அப்புறம் அந்தப் பாட்டை நான் எப்படிக் கேக்கறது?” இயந்திரம் ஓடியது. “ரெண்டு பக்கமுமா தம்பி? இரு, தரேன்... கம்பெனில கேட்டுப் பாரும்மா. அவங்க என்ன சொல்றாங்கன்னு பாப்போம்.”

அவள் நாடாவின் பிரதியை எடுத்துக்கொண்டு மாடியில் முதலாளி அறைக்கு ஓடினாள். கணவன் பின்னாலேயே வந்தான்.

அவள் விஷயத்தைச் சொல்ல, முதலாளி ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக் கேட்டார். திரும்பவும் கேட்டார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து தடித்த ஃபைல் ஒன்றை எடுத்தார். ‘அடுத்த விழாவுக்கு’ என்று மேலே எழுதிய ஃபைல். அந்தக் கம்பெனியில் எந்தத் தப்பையும் உடனே திருத்துவதில்லை. விட்டுப்போன வயலின்காரர், மாறிப்போன தேதி எல்லாம் அதற்குள் போகும். விழா வரும், போகும். ஃபைல் மட்டும் தடித்துக்கொண்டே போகும்.

“நல்ல விஷயம்மா. அம்பதாவது வருஷத்துக்குப் பிரமாதமாப் பண்ணிடலாம். இப்ப பாடகி மேடம்தான் சிறப்பு விருந்தினர். அவங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு...”

“சார், அத்தைக்கு இப்பவே அம்பத்தெட்டு.”

“பத்து வருஷம் ஓடறதே தெரியாதும்மா.”

“உங்களுக்குத் தெரியாது சார்.”

அதுவரை கதவோரம் நின்றிருந்த கணவன் வாய் திறந்தான். முதலாளி முன்னால் அவன் ‘சரி சார்’ தவிர வேறு பேசி அவள் பார்த்ததில்லை.

“சார், அந்தச் சரணத்தை எடுத்துட்டுத் தரேன்.”

“என்னது?”

“சீட்டுல மாத்தணும்னு எழுதியிருக்கு. முப்பது வருஷமா யாரும் மாத்தல. நான் அழிச்சுடறேன். பாட்டு ஒரு சரணத்தோட முடியட்டும். பேரில்லாம எங்கம்மா குரல் இன்னொரு தடவை வெளியே போக வேண்டாம்.”

“மிரட்டறியாப்பா?”

“வேலை செய்யறேன் சார்.” அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், முதலாளி பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.

மணி மூன்றே கால். அச்சகம் மறுபடி கூப்பிட்டது. அவள் எடுக்கவில்லை. முதலாளி எழுந்தார், உட்கார்ந்தார், பாடகிக்கே போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் அறை முழுக்கக் கேட்டது. அவர் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தார்.

“அந்தச் சரணத்தை நான் மேடையில பாடவே மாட்டேன், கவனிச்சிருக்கீங்களா?” என்றார் பாடகி. “கோரஸ் பொண்ணுங்ககிட்ட விட்டுடுவேன். எனக்குத் தெரியாதா என் குரல்? யாராவது கேப்பாங்கன்னு முதல் வருஷம் பயந்தேன். அப்புறம் கேக்க மாட்டாங்களான்னு இருந்தது. போடுங்க சார். என் பேருக்குக் கீழ இல்ல, பக்கத்துல.”

முதலாளி ஃபைலை டிராயருக்குள் தள்ளினார். “சரி, பேரை எழுதிக் கொடும்மா. இனிஷியல் என்ன?”

அவள் கணவனைப் பார்த்தாள். “அம்மாவையே கேளு” என்றான் அவன்.

மறுபடி போன். “அத்தை, எந்த இனிஷியல்ல போடறது? உங்கப்பாவோடதா, மாமாவோடதா? அச்சகத்துல காத்திட்டிருக்காங்க, சீக்கிரம்!”

இயந்திரம் நின்றது. யாரோ வாடிக்கையாளர், “என்னம்மா, பேப்பர் மாட்டிக்கிச்சா?” என்று கேட்பது தூரத்தில் கேட்டது.

“ரெண்டும் வேண்டாம். பாடினது நான்தானே?” குரல் உடைந்து, உடனே அதட்டலாக மாறியது. “பேரை மட்டும் போடு. எங்கே, என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டு.”

அவள் படித்தாள்.

“இன்னொரு தடவை” என்றார் மாமியார்.