எட்டுச் சக்கரமும் ஒரு தக்கையும்

1

இந்தக் கதை என் மருந்துக்கடையில் பிறந்தது. மூன்று வாரத்துக்கு முன் ஹெட்லி உள்ளே வந்தார். வேறு யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, முதுகுவலித் தைலங்களை ஆராய்வதுபோல நின்றபடி கேட்டார்.

"ஞாபகத்துக்கு ஏதாச்சும் மாத்திரை இருக்கா கண்ணு?"

"யாருக்கு?"

"ஒரு ஃப்ரெண்டுக்கு."

நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் இந்த மீன்பிடி ஊரில் இருபத்திரண்டு வருடமாக மருந்து கொடுக்கிறேன். அந்த 'ஃப்ரெண்டு' யாரென்று எனக்குத் தெரியும். ஹெட்லிக்கு அறுபத்து நான்கு வயது. அவருடைய அம்மா கடைசி ஐந்து வருடம் மகனைக் கணவனின் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். அப்போதிலிருந்தே தனக்கும் அந்த மறதி வரும் என்று அவருக்கு உள்ளூரப் பயம்.

அவருக்கு மறதி இல்லை. அதற்குச் சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சி நான்தான். ஆனால் அதைச் சொல்லாமல், "டாக்டரப் பாருங்க" என்று அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அதுவும் தமிழில். இந்த ஊரில் என்னைத் தவிர ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "அக்டோபர் மாதத்துக் காலைப் பனியில் அந்த வண்டி ஒரு பெரிய —"

(பெரிய என்ன? ஆமை என்று எழுதி அடித்தேன். யானை என்று எழுதி அதையும் அடித்தேன். குளியல் தொட்டிக்கு எட்டுச் சக்கரம் மாட்டியதுபோல இருந்தது, அவ்வளவுதான்.)

இரண்டாம் தொடக்கம்: "மனிதன் ஏன் மிதக்கும் வாகனத்தை விரும்புகிறான் என்பது ஆராயத்தக்க —"

(இது கட்டுரை. போகட்டும்.)

மூன்றாவது தொடக்கத்தில் ஹெட்லியின் முழங்கால் வருகிறது. அதையே வைத்துக்கொள்கிறேன். முழங்காலில் அறுவை செய்த டாக்டர், இனி சுமை தூக்கக் கூடாது என்றுவிட்டார். எங்கள் பக்கம் குதிரையைவிடப் பெரிய மூஸ் மான் ஒன்றைச் சுட்டால் பாதி வேலைகூட முடிந்ததாகாது. நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் முதுகில் கட்டி, முழங்கால்வரை புதையும் சதுப்பில் நடந்து வர வேண்டும். ஹெட்லியும் அவர் மனைவி டல்ஸியின் தம்பி அம்புரோஸும் முப்பது வருடமாக ஒரே உரிமத்தில் இரண்டு பெயர் போட்டு வேட்டைக்குப் போகிறவர்கள். ஹெட்லி சுடுவார், அம்புரோஸ் சுமப்பார். சுமந்தவருக்கு மானின் நெஞ்சு. அம்புரோஸ் அதில் ரொட்டித்தூளும் வெங்காயமும் அடைத்துச் சுட்டுச் சாப்பிடுவார். இது அவர்கள் இருவருக்குள் எழுதாத ஒப்பந்தம்.

ஆக, முழங்கால் போனதும் ஹெட்லி சேற்றிலும் தண்ணீரிலும் போகிற எட்டுச் சக்கர வண்டி வாங்கப் போனார். இப்படி ஒன்று வாங்குவது வாழ்க்கையில் முதல் தடவை. எனக்கு வேடிக்கை பார்க்க ஆசை, நானும் தொற்றிக்கொண்டேன். காட்டில் ஓடுமா, சேற்றில் இறங்குமா, மிதக்கும்போது எது தள்ளுகிறது என்று ஹெட்லியைவிட அதிகமாக நான்தான் கேட்டேன். தண்ணீரிலும் சக்கரம்தான் தள்ளுகிறதாம். நடைவேகத்துக்கும் கீழே போகும், காற்று அடித்தால் அதன் பக்கம் சாயும். விற்கிறவர் கடைசியாக வண்டியின் பின்னால் குனிந்து ஒரு சின்னத் தக்கையைக் காட்டினார்.

"தொட்டில சேருற தண்ணிய இது வழியாத்தான் வடிக்கணும். குளத்துல எறங்குறதுக்கு முன்னாடி மறக்காமத் திருகி மூடிடுங்க. மறக்குறவங்கதான் ஜாஸ்தி."

"யார்கிட்ட சொல்ற தம்பி? நாப்பது வருஷம் படகுல போனவன் நான்," என்றார் ஹெட்லி.

டல்ஸி மட்டும் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தாள். "வீட்டுக் கூரை ஒழுகுது. இந்த மனுசனுக்கு ஒழுகாத வண்டி வேணுமாம்."

3

இப்போது அம்புரோஸ். இந்தப் பாத்திரத்தின்மேல்தான் எனக்குச் சந்தேகம்.

முதல் வரைவில் அவரை வெள்ளைமனக்காரராக எழுதினேன். இரண்டாவதில் பொறாமைக்காரராக. இரண்டுமே கதையில் அழகாகப் பொருந்தின, அதுதான் எனக்கு எரிச்சல்.

நடந்ததைச் சொல்கிறேன். வண்டியோடு முதல் வேட்டைக்கு ஹெட்லி, அம்புரோஸ், நான் மூவரும் கிளம்பினோம். ஹெட்லி பின்னால் குனிந்து தக்கையைத் திருகியதை நான் பார்த்தேன். (இந்த வரியை அடிக்க மாட்டேன்.) குளத்தில் இறங்கியதும் ஹெட்லி சிறுபிள்ளையாகக் கூவினார். பிறகு திரும்பி,

"மாப்ள, இந்த வருஷம் நெஞ்சு வண்டிக்குத்தான்! சுமக்கப்போறது அதானே."

"குடு. அதுவே வெங்காயம் வதக்கித் தின்னட்டும், மச்சான்," என்றார் அம்புரோஸ். சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.*

அக்கரை ஏறினோம். ஹெட்லி துப்பாக்கியோடு முன்னால் போனார். அம்புரோஸ் வண்டியின் பின்னால் குனிந்தார். தொட்டியில் தெறித்துச் சேர்ந்திருந்த தண்ணீர் சளசளவென்று வடிந்தது. அவர் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். படகைக் கரையேற்றியதும் தக்கையைப் பிடுங்கி வடியவிடுவது இங்கே மூக்கைச் சொறிவதுபோன்ற காரியம். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

* 'தாமதமாக' என்ற சொல்லை ஐந்து தடவை சேர்த்து, நான்கு தடவை எடுத்துவிட்டேன். உண்மையிலேயே தாமதமாகச் சிரித்தாரா, பின்னால் நடந்ததை வைத்து நான் இழுத்துவிட்டேனா, இப்போது எனக்கே நிச்சயமில்லை.

4

மான் கிடைத்தது. இரண்டு தொடைகளை ஏற்றிக்கொண்டு அவர்கள் இருவரும் முதலில் கிளம்பினார்கள். மீதியோடு நான் அக்கரையில் காத்திருந்தேன், கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

நடுக்குளம் தாண்டியதும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. ஏதோ ஆழம் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஹெட்லி கத்துவது கேட்டது. தொடைகளைத் தண்ணீரில் தள்ளினார்கள், அப்படியும் தாழ்ந்தது. என்ஜின் நின்றது. கழுத்தளவுத் தண்ணீர், பனிக்கட்டி போலச் சில்லிட்ட தண்ணீர். ஹெட்லியின் முழங்கால் மடங்கிவிட்டது. அம்புரோஸ் அவரை மானின் தொடையைத் தூக்குவதுபோல முதுகில் போட்டுக்கொண்டு கரைவரை நடந்தார். நான் குளத்தைச் சுற்றி ஓடிப் போய்ச் சேரும்போது அம்புரோஸின் உதடு நீலமாக இருந்தது, ஹெட்லியின் கைகளை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஹெட்லி சொன்ன முதல் வார்த்தை: "நான் திருகினேன் மாப்ள. சத்தியமாத் திருகினேன்."

"ஆமா, ஆமா, திருகின. பேசாத."

பிறகு வண்டியை இழுத்து வந்து பார்த்தார்கள். ஓட்டை இருந்தது, தக்கை இல்லை.

5

ஊர் முழுக்க அம்புரோஸ் புகழ்தான். சர்ச்சில் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் கடைப் பலகையில் ஹெட்லியின் கையெழுத்தில் ஒரு தாள் தொங்குகிறது: 'எட்டுச் சக்கர வண்டி விற்பனைக்கு. ஒரே தடவை ஓடியது.' கார் சாவியையும் டல்ஸியிடம் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை நகரத்தில் ஞாபகப் பரிசோதனை.

முடிவுகள் சிலவற்றை முயன்று பார்த்தேன்.

அ) நான் போய்ச் சொல்கிறேன். ஹெட்லி அழுகிறார், அம்புரோஸைக் கட்டிக்கொள்கிறார். (சர்க்கரை கூடிவிட்டது.)

ஆ) நான் போய்ச் சொல்கிறேன். அடுத்த வருடம் உரிமத்தில் ஒரு பெயர்தான் இருக்கிறது. (இதை எழுதி முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.)

இ) நான் சொல்லவில்லை. ஹெட்லி பரிசோதனையில் பயத்திலேயே தப்புத் தப்பாக —

6

ஐந்தாம் பகுதியை முடிப்பதற்குள் அம்புரோஸ் சமையலறைக்குள் வந்துவிட்டார். எங்கள் ஊரில் கதவு தட்டுவது போலீஸ்காரர் மட்டும்தான்.

"என்ன கண்ணு எழுதுற? புழு மேயுற மாதிரி இருக்கு எழுத்து."

"கதை."

"நான் இருக்கேனா?"

"இருக்கீங்க."

"நல்லவனாவா?"

"இன்னும் முடிவு பண்ணல."

சிரித்தார். தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து, படி என்றார். படித்தேன், அவர் மொழிக்கு மாற்றி மாற்றி. டல்ஸி கூரையைப் பற்றிச் சொன்னதற்கு மேசையைத் தட்டிச் சிரித்தார். 'அம்புரோஸ் வண்டியின் பின்னால் குனிந்தார்' என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்ட?"

அவர் சட்டைப்பையில் கைவிட்டு, ஒரு தக்கையை எடுத்து என் தாளின்மேல் வைத்தார்.

"மழக்கோட்டக் காயப்போடும்போதுதான் பாத்தேன், வாசுகி. கை தானாப் புடுங்கியிருக்கு. கர ஏறுனா தக்கையப் புடுங்குன்னு எங்கப்பன் காதத் திருகிச் சொல்லிக் குடுத்தது."

"அப்போ தெரியாமத்தானே செஞ்சீங்க?"

அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"அதான் எனக்கே வெளங்கல. நெஞ்சு வண்டிக்குன்னு அவன் சொன்னப்ப மனசு சுருக்குன்னுச்சு. அப்புறம் கை போயிருக்கு. வேணும்னு செஞ்சேனா? நீ கதை எழுதுறவ, நீ சொல்லு."

"எனக்குத் தெரியாது."

"அப்ப என்னத்துக்குக் கதை எழுதுற?" கோபமில்லை, நிஜமாகவே கேட்டார். பிறகு எழுந்து, "இத நீ அவன்கிட்டக் குடுத்துரு," என்றார்.

"நாலு வீடு தள்ளித்தானே இருக்கார், நீங்களே குடுங்களேன்."

"அவனையே சுமந்துட்டேன். இதச் சுமக்க முடியல கண்ணு."

பாதித் தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

7

இன்று புதன்கிழமை. தக்கை தாளின்மேல்தான் இருக்கிறது. ஒரு அட்டை மாத்திரைகூட இதைவிடக் கனம். அதன் அடியில் எண்ணெய் வட்டம் படிந்து, 'உறுதி' என்ற சொல் அழிந்துவிட்டது.

முடிவு எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் நன்றாகவே வரும். ஆனால் நன்றாக வந்துவிட்டால், ஹெட்லியிடம் சொல்லியாயிற்று என்ற நிம்மதியோடு படுத்துவிடுவேன். மூன்று வாரமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு என்னைத் தெரியும்.

அதனால் பேனாவை மூடிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொள்கிறேன். தக்கை என் பையில் இருக்கிறது. 'உங்களுக்கு மறதி இல்ல' என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியும். அதற்கு அடுத்ததாக அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "அப்ப அவன் வேணும்னுதான் செஞ்சானா?"

அதற்கு நான் என்ன சொல்ல? மூன்றாம் பகுதியை நீங்களும் படித்தீர்கள், அவர் குனிந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஹெட்லியின் வாசலில் நின்று யோசிக்க எனக்கு வழியில்லை, இங்கே யாரும் கதவு தட்டுவதில்லை. நான் நாலு வீடு நடப்பதற்குள் சொல்லுங்கள்.