வாய்க்கல்

தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. பயணிகள் படகு வருவதற்குள் சரிந்த கற்களை எடுத்து அடுக்கிவிட வேண்டும். முழங்காலளவு கடலில் அவளும் நாத்தனாரும் குனிந்து நின்றார்கள். அவளுடைய மாமனார் கட்டிய கல்வேலி அது. ஏற்றத்தில் மீன் உள்ளே வரும், வற்றத்தில் மாட்டிக்கொள்ளும். தீவைச் சுற்றி மீன்பிடிக்கத் தடை வந்தபிறகு வேலி காட்சிப்பொருளாகிவிட்டது. கரையில் பலகை வைத்திருந்தார்கள்: 'பழங்கால மீன்பொறி. கட்டியவர்கள் யார் எனத் தெரியவில்லை.'

"என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே," என்றாள் நாத்தனார். "குடிச்சுட்டு வந்தா எங்கப்பன் பேரு நாலு தெருவுக்குக் கேக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தீவைச் சுற்றியுள்ள கடல் உயிரினக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு மூன்று மாதம். புகார் இல்லையென்றால் மாலையில் நிரந்தர ஊழியர் சீட்டு கிடைக்கும். சீட்டு இருந்தால் காப்பகப் படகில் கணவனை அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம். வாரம் இரண்டு முறை அவன் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். சொந்தப் படகு அந்த வைத்தியத்திலேயே கரைந்துவிட்டது. காலையில் அவன் பாதத்தை அழுத்திப் பார்த்தாள். கட்டைவிரல் பதிந்த பள்ளம் மேலெழவேயில்லை. அந்தப் பள்ளம்தான் கண்ணுக்குள் நின்றது. கைகள் தம்பாட்டுக்குக் கல்லைப் புரட்டின, வைத்தன, தட்டிப் பார்த்தன.

படகு வந்தது. தொப்பி போட்ட கூட்டம் வேலியருகே இறங்கியபோது ஒரு குழந்தை கத்தியது. வேலிக்குள் கணுக்கால் தண்ணீரில் நாற்பதுக்கு மேற்பட்ட மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

அவள் வேலியின் நடுவைப் பார்த்தாள். மீன் தப்பிப் போவதற்காகத் தடைக்குப் பின் எப்போதும் திறந்திருக்க வேண்டிய வாயில், வாய்க்கல் என்கிற அந்தத் தட்டைக் கல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவளுடையது இருபது வருஷம் வற்றத்தில் அடைத்துப் பழகிய கை.

"யாரு அடைச்சது?" கண்காணிப்பாளர் கேட்டார்.

"அலை தள்ளியிருக்கும் சார்," என்றாள் நாத்தனார்.

"ரெண்டு கையால தூக்குற கல்லையா?" அவர் பார்வை நாத்தனார்மேல் நின்றது.

"நான்தான் சார்," என்றாள் அவள். "நெனப்பு இல்லாம வச்சுட்டேன்."

கல்லை எடுத்தார்கள். வெளியிலும் தண்ணீர் இறங்கிவிட்டிருந்தது. வாளியில் அள்ளிக் கடலில் விட்டதுபோக மிச்சம் செத்தது. காப்பகத்துக்குள் செத்ததை யாரும் எடுத்துப் போகக்கூடாது. அவளே மணலில் குழி தோண்டிப் புதைத்தாள். கண்காணிப்பாளர் கடலைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்கம்மா. காப்பகச் சட்டையக் குடுத்துட்டுப் போங்க."

வீட்டில் கணவன் சுவரில் சாய்ந்திருந்தான். அவள் கையைக் கழுவியும் மீன் வாசனை போகவில்லை. அவனிடம் மறைக்க முடியுமா? சொன்னாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கல்லு ஆடுச்சா?"

"இல்ல."

"எத்தன இருந்துச்சு?"

"நாப்பதுக்கு மேல."

"அப்பா பாத்து எடுத்த கல்லு அது," என்றான். வெகுநாளைக்குப் பிறகு அவன் முகம் தெளிந்தது. பிறகு எதையோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் பாதங்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

அவள் போர்வையை விலக்கி, விரலால் அழுத்தினாள். பள்ளம் அப்படியே நின்றது. ஜன்னலுக்கு வெளியே, மாலை நடையாகக் காப்பகப் படகு அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவனுக்குப் பின்னால் வரிசையாக வெறும் இருக்கைகள்.